தேங்காய் எண்ணெய் உறைந்தால் கலப்படமா?

உடுமலைப்பேட்டை வாசகி ஒருவரின் கேள்வி: "வழக்கமாக வாங்கும் தேங்காய் எண்ணெய் மார்கழிக் குளிரில் கட்டியாகிவிட்டது. வீட்டுக்கே வந்து செக்கு எண்ணெய் விற்பவர், 'அதில் மெழுகு கலக்கிறார்கள், எங்கள் எண்ணெய் உறையவே உறையாது' என்கிறார். இனி அவரிடமே வாங்கலாமா?"

வேண்டாம். எனக்குச் சந்தேகம் அவருடைய எண்ணெய் மேல்தான்.

தேங்காய் எண்ணெய் சுமார் 24 டிகிரியிலேயே கட்டியாகத் தொடங்கும். நல்லெண்ணெய் அந்தக் குளிரில் உறையாது. எந்த எண்ணெயிலும் ஒரு மூலக்கூறு பக்கத்து மூலக்கூறை லேசாக இழுக்கும். இந்த இழுவிசை பலவீனமானது, ஒட்டி நின்றால்தான் எட்டும். தேங்காய் எண்ணெயில் ஏறத்தாழ 90 சதவீதம் நிறைவுற்ற கொழுப்பு. அதன் மூலக்கூறுகளில் உள்ள நீண்ட சங்கிலிகள் சவுக்குக் கழிபோல நேராக இருப்பதால் நெருக்கமாக அடுக்கிக்கொள்கின்றன. நல்லெண்ணெயில் பெரும்பாலும் வளைந்த சங்கிலிகள். சீமைக்கருவேல முள்ளைக் கட்டாகக் கட்டிய மாதிரி, உள்ளே எல்லாம் இடைவெளி. எனவே இழுப்பும் குறைவு.

ஆகவே இரவு முழுக்க ஃபிரிட்ஜில் வைத்தும் தண்ணீராக ஓடினால் அது வெறும் தேங்காய் எண்ணெய் இல்லை. உங்கள் பழைய பாட்டிலை வெந்நீரில் வைத்து இளக்கிக்கொள்ளுங்கள், ஒன்றும் ஆகாது.

சரி, உறைந்தால் சுத்தமா? அதுவும் இல்லை. வாட்ஸ்அப்பில் சுற்றும் ஃபிரிட்ஜ் சோதனையின் ஓட்டை இங்கேதான். எண்ணெய்ப் பனையின் பருப்பிலிருந்து ஓர் எண்ணெய் எடுக்கிறார்கள். ரேஷன் கடை பாமாயில் இல்லை, அது சதையிலிருந்து வருவது. இந்தப் பருப்பு எண்ணெயிலும், தேங்காய் எண்ணெயைப் போலவே, பாதிக்குப் பாதி லாரிக் அமிலம் என்ற நிறைவுற்ற கொழுப்பு. அதே நேரான சங்கிலி, அதே அடுக்கு, அதே வெள்ளைக் கட்டி. ஃபிரிட்ஜுக்கு வித்தியாசம் தெரியாது. ஆய்வகத்தில் அயோடின் எண் பார்ப்பார்கள், வளைந்த சங்கிலிகள் கூடக் கூட அது ஏறும்: தேங்காய் எண்ணெய்க்கு 7.5 முதல் 10 வரை, பருப்பு எண்ணெய்க்கு அதைவிட அதிகம். பத்தில் ஒரு பங்கு மட்டும் கலந்தால் அந்த எண்ணும் வரம்புக்குள்ளேயே நின்றுவிடலாம். கலக்கிறவர்களுக்கு இந்தக் கணக்கு நன்றாகத் தெரியும்.

உணவுப் பாதுகாப்புச் சட்டம் 2006, பிரிவு 40-இன்படி நீங்களே கட்டணம் கட்டிப் பரிசோதிக்கலாம், தவறு இருந்தால் கட்டணம் திரும்பக் கிடைக்கும். ஆனால் பரிசோதிக்கப் போவதை வாங்கும்போதே விற்பவரிடம் சொல்லிவிட வேண்டுமாம்! சொன்ன பிறகு அவர் எந்த டின்னிலிருந்து ஊற்றித் தருவார்? இதை எழுதியவர்கள் சந்தையில் எண்ணெய் வாங்கியதே இல்லை போலிருக்கிறது.

அதைவிட எளிதான வழி விலை. ஒரு லிட்டருக்கு ஒன்றரைக் கிலோவாவது கொப்பரை வேண்டும். கொப்பரை விலையை விசாரித்துப் பெருக்கிப் பாருங்கள். புண்ணாக்குக் காசைக் கழித்த பிறகும் அந்தத் தொகைக்கு வெகு கீழே ஒருவர் விற்றால், டின்னில் 'மரச்செக்கு' என்று எழுதியிருந்தாலும் வாங்காதீர்கள். 14 இலக்க உணவு உரிம எண் எங்கே என்றும் கேளுங்கள். அடுத்த வாரம் அவர் உங்கள் தெருப் பக்கம் வருகிறாரா, பார்க்கலாம்.