விறகு வாயு கட்டுபடியாகுமா?

அண்ணாச்சி, அம்பாசமுத்திரத்தில் முறுக்கு, மிக்சர் போடுகிறோம். மாதம் 40 வணிக சிலிண்டர் தீர்கிறது. விறகு வாயுவுக்கு மாறலாமா?

விறகு வாயு என்றால், மூடிய உலையில் காற்றைக் குறைத்து விறகை அரைகுறையாக எரித்து எடுக்கும் எரிவாயு. அடுப்பு தினமும் எத்தனை மணி நேரம் எரிகிறது என்று எழுதவில்லையே! எட்டு, பத்து மணி நேரம் விடாமல் எரிந்தால்தான் மேற்கொண்டு பேச்சு.

ஒரு கிலோ எல்பிஜியில் சுமார் 10,800 கிலோகலோரி வெப்பம். காய்ந்த விறகுக்கு 3,500 வைத்துக்கொள்வோம். அதில் 70 சதவீதம்தான் வாயுவாகக் கைக்கு வரும். ஆக, 19 கிலோ சிலிண்டருக்கு ஏறக்குறைய 85 கிலோ விறகு. உங்களுக்கு மாதம் மூன்றரை டன். சீமைக்கருவேலம்தான் கிடக்கிறதே என்பீர்கள். சரி, கிடக்கிறது. அதை உள்ளங்கையில் அடங்கும் துண்டாக அறுக்கக் கூலி, காயப்போட இடம், காற்று ஊதும் புளோயருக்குக் கரண்ட், உலையைப் பார்க்க ஓர் ஆள், எல்லாம் போடுங்கள். ஒரு சிலிண்டர் விலையில் அதுபோக மிஞ்சுவதை 40-ஆல் பெருக்கி, அந்தத் தொகையால் உலையின் விலையை வகுத்தால் எத்தனை மாதத்தில் முதல் திரும்பும் என்று தெரியும். இரண்டு வருஷத்தைத் தாண்டினால் நான் கை வைக்க மாட்டேன்.

பாளையங்கோட்டையில் டீக்கடை. எனக்கு?

வேண்டாம். பற்றவைத்து நல்ல வாயு வருவதற்குள் வந்தவர் பக்கத்துக் கடைக்குப் போய்விடுவார்.

களக்காட்டில் ரைஸ் மில். விறகுக்குப் பதில் உமி போடலாமா?

விறகு உலையில் போடாதீர்கள். உமியில் ஐந்தில் ஒரு பங்கு சாம்பல், அதுவும் பெரும்பாலும் சிலிக்கா, கட்டிதட்டி அடைத்துக்கொள்ளும். நெல் அவிக்க உமி பாய்லர் இருந்தால் அதுவே போதும்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் என்ன செய்வது?

கோடையிலேயே வாங்கிக் கூரைக்குள் அடுக்க வேண்டும். ஈரம் 20 சதவீதத்துக்குள் இருக்கட்டும். இரண்டு துண்டை ஒன்றோடொன்று தட்டுங்கள்: 'டங்'கென்றால் காய்ந்தது, 'தொப்'பென்றால் காயவில்லை. ஒரு ஐப்பசியில் 'தொப்' விறகைப் போட்டுவிட்டு, விறகுப் புகையில் வரும் பிசுபிசுத்த தார் பிடித்து இறுகிய வால்வைச் சுத்தியலால் தட்டித் திறந்தவன் நான்.

இதிலேயே ஜெனரேட்டர் ஓட்டலாமா?

அடுப்புக்குச் சூடான வாயுவை அப்படியே விடலாம். இன்ஜினுக்கு அதைக் குளிரவைத்து, தாரை வடிகட்ட வேண்டும், செலவு எகிறும். இரண்டாம் உலகப்போரில் பெட்ரோல் தட்டுப்பாட்டின்போது நம் ஊர் பஸ்கள் விறகு வாயுவில் அல்ல, அடுப்புக்கரியில் எடுத்த வாயுவில் ஓடின. கரியில் தார் மிகக் குறைவு.

உலையைக் கடைக்குள்ளேயே வைக்கலாமா?

கூடவே கூடாது. இந்த வாயுவில் சுமார் 20 சதவீதம் கார்பன் மோனாக்சைடு என்ற விஷ வாயு. அதற்கு வாசனையே கிடையாது. நாலு பக்கமும் திறந்த கொட்டகை போடுங்கள், கடைக்குள் கார்பன் மோனாக்சைடு கசிந்தால் கத்தும் அலாரம் ஒன்று மாட்டுங்கள். யாராவது தலைவலி, கிறுகிறுப்பு என்றால் சுக்குக் காபி கொடுத்து உட்காரவைக்காமல் முதலில் வெளியே கூட்டிவாருங்கள்.