தேவகோட்டைத் தம்பிக்கு, பேசஸ் பற்றி

எம்ஆர்சிபி, அதாவது பிரிட்டனின் பொது மருத்துவ மேற்படிப்புத் தேர்வு, அதன் பார்ட் ஒன்னுக்கு எத்தனை மாதம் படிக்க வேண்டும், மான்செஸ்டரில் வாடகை என்ன, நோயாளிகளை வைத்து நடத்தும் செய்முறைத் தேர்வான பேசஸ் கஷ்டமா என்று கேட்டிருக்கிறீர்கள் தம்பி. பார்ட் ஒன் இரண்டு தாள், தாளுக்கு 100 கேள்வி, ஐந்தில் ஒன்றைத் தேர்ந்தெடுப்பது. நம்மூர் மேற்படிப்பு நுழைவுத் தேர்வான நீட் பிஜி பார்த்தவருக்கு அது புதிதில்லை. வாடகையை அந்த ஊர்க்காரர்களிடம் கேளுங்கள், நான் லீட்ஸ்.

பயப்பட வேண்டியது பேசஸுக்குத்தான். நோயாளியைப் பார்க்கும் ஒவ்வொரு கட்டத்துக்கும் ஸ்டேஷன் என்று பெயர், ஸ்டேஷனுக்கு இரண்டு தேர்வாளர்கள், தனித்தனியாக மதிப்பெண் போடுவார்கள். ஏழு திறன், ஒவ்வொன்றிலும் தேற வேண்டும், ஒன்றில் அள்ளியதை வைத்து இன்னொன்றை ஈடுகட்ட முடியாது. நான் முதல் தடவை தோற்றது அப்படித்தான். மயங்கி விழுந்த லாரி டிரைவர், இதயத்தின் மர்மர் இரைச்சல் கழுத்து வரை கேட்கிறது, அயோர்ட்டிக் ஸ்டெனோசிஸ், இதய வால்வு சுருக்கம் என்று டக்கென்று சொல்லிவிட்டேன், விடை சரி. ஆனால் அந்த மனுஷன் "இனி வண்டி எடுக்கலாமா டாக்டர்?" என்று இரண்டு முறை கேட்டார், நான் எக்கோ ஸ்கேனைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தேன்.

வேலையில் சேர்ந்தாலும் விடாது. கேஸ் பேஸ்டு டிஸ்கஷன் என்று, நீங்கள் பார்த்த நோயாளியின் நோட்ஸை வைத்துக்கொண்டே கன்சல்டன்ட் குடைவார். ரத்தக்கட்டு இருக்கிறதா என்று பார்க்கும் டி-டைமர் டெஸ்ட் ஏன் கேட்டாய், நெகட்டிவாக வந்திருந்தால் என்ன செய்திருப்பாய்? நான் வாயே திறக்கவில்லை. ரவுண்ட்ஸில் சீஃப் முன்னால் பேசாமல் நிற்பதுதான் மரியாதை என்று பழகி வந்தவன். இத்தனைக்கும் எங்கள் ஐயா, பர்மாவில் வட்டிக் கடையில் கணக்கெழுதியவர், பேரேட்டைக் கூட்டச் சொல்லி, தொகை சரியாக இருந்தாலும் "எப்படி வந்துச்சு, வாயால சொல்லு" என்று நிறுத்திவைப்பார். அதை மறக்காமல் இருந்திருந்தால் ஒரு அட்டெம்ப்ட் ஃபீஸ் மிச்சமாகியிருக்கும்.

நம் ஆட்கள் சிலர் இந்த டிஸ்கஷனுக்குப் பின் கன்சல்டன்ட் எழுதித் தரும் ஃபார்ம்களையெல்லாம் வருடம் முழுக்க விட்டுவிட்டு, பயிற்சியை வருடாந்தரம் ஒரு குழு பரிசீலிக்கும் ஏஆர்சிபிக்கு முந்தின வாரம் ஆள் பிடித்து வாங்குவார்கள். தேதியைப் பார்த்தாலே குழுவுக்குத் தெரிந்துவிடும். இன்னும் சிலர் பேசஸுக்காக ஞாயிற்றுக்கிழமை கூடி "ஐ ஆம் சாரி டு ஹியர் தட்" என்று வாய்ப்பாடு மாதிரி ஒப்பிப்பார்கள். பிரியாணிக்குப் போங்கள், ஒப்பிக்கப் போகாதீர்கள்.

எனக்குக் கைகொடுத்தவர் அறைக்கூட்டாளி லாகூர்க்காரர். தினம் ராத்திரி கட்டிலில் படுத்து ஒரு நோயாளியாக நடிப்பார், நான் யோசிப்பதை எல்லாம் சத்தமாகச் சொல்ல வேண்டும். கூலி, ஆத்தா கொடுத்துவிட்ட சீப்புச் சீடையும் மாவுருண்டையும். மூன்றாவது வாரம் டப்பா காலி. அன்றைக்கு "எனக்கு ஒரு வியாதியும் இல்லை" என்று போர்த்திக்கொண்டு படுத்துவிட்டார்.