மழைக்கு முன் பெரிய வீட்டில் பார்க்க வேண்டியவை

கேள்வி: கானாடுகாத்தான் பக்கம் எங்கள் பழைய செட்டிநாட்டு வீட்டில் அப்பச்சியும் ஆத்தாளும் மட்டும் இருக்கிறார்கள். இருவருக்கும் எழுபது தாண்டிவிட்டது. ஆத்தா இன்சுலின் போட்டுக்கொள்கிறார். நான் பெங்களூரில் இருக்கிறேன். புயல், மழை வந்தால் சமாளிக்க என்ன செய்து வைக்கலாம்? ஆன்லைனில் விற்கிற எமர்ஜென்சி பை வாங்கி அனுப்பட்டுமா?

பதில்: பை வேண்டாம். அதிலிருக்கும் விசிலும் தெர்மல் போர்வையும் ஐப்பசி மழையில் அவர்களுக்கு எதற்கு?

உங்கள் ஊர் கடலோரத்தில் இல்லை, வீடும் உயரமான அடித்தளத்தில் நிற்கிறது. அதனால் வெள்ளத்தைவிட, கரண்ட் நாலைந்து நாள் வராமல் போவதுதான் நிஜமான கவலை. 2018 நவம்பர் 16 அதிகாலை வேதாரண்யம் அருகே கரையைக் கடந்த கஜா புயல், உங்களுக்குப் பக்கத்துப் புதுக்கோட்டை மாவட்டத்தையும் புரட்டிப் போட்டது. பல கிராமங்களில் நாள்கணக்கில் மின்சாரம் இல்லை. மோட்டார் ஓடாததால் டேங்குகள் காலி. ஜனங்கள் குடத்தோடு அலைந்தார்கள்.

எனவே முதலில் தண்ணீர். குடிக்க, சமைக்க ஆளுக்கு நாளொன்றுக்கு ஐந்து லிட்டர் என்றால் இரண்டு பேருக்கு நான்கு நாளைக்கு இரண்டு கேன் போதும். புழங்க, வீட்டின் இரண்டாம் கட்டுப் பகுதியில் கவிழ்த்து வைத்திருக்கும் அண்டாக்களைப் புயல் எச்சரிக்கை வந்ததுமே நிரப்பி மூடிவிடலாம். வீட்டுக் கிணற்றில் கப்பி சுற்றுகிறதா, கயிறு இற்றுப் போயிருக்கிறதா என்று இப்போதே பார்க்கச் சொல்லுங்கள். மோட்டார் வந்தபின் அதை யாரும் தொட்டிருக்க மாட்டார்கள். அந்தத் தண்ணீரைக் கொதிக்க வைத்துத்தான் குடிக்க வேண்டும்.

அப்புறம் இன்சுலின். ஃபிரிட்ஜ் நின்றதும் பதறி ஐஸில் புதைத்துவிடக் கூடாது. உறைந்துபோன இன்சுலின் உதவாது. பெரிய மண்பானையில் ஈர மணல் பரப்பி, அதற்குள் சின்னச் சட்டி வைத்து, மருந்தை டப்பாவில் போட்டு அதில் வைத்து ஈரத்துணியால் மூடினால் போதும். பிரித்த மருந்து, 30 டிகிரிக்குள் இருந்தால் பெரும்பாலும் நான்கு வாரம் வரை தாங்கும். எதற்கும் அவருடைய மருந்தின் பெட்டியில் போட்டிருப்பதையும் பாருங்கள். மற்ற மாத்திரைகள் பத்து நாளைக்குக் கையிருப்பு இருக்கட்டும்.

வீட்டைப் பொறுத்தவரை, ஓடு மாற்ற ஆளை ஐப்பசியில் தேடினால் கிடைக்காது. ஆவணியிலேயே சொல்லி வையுங்கள். முற்றத்துத் தண்ணீர் போகும் வழியில் நாலு வாளி ஊற்றிப் பாருங்கள். தேங்கி நின்றால் ஒரே இரவு மழையில் முற்றத்தை ஒட்டிய பட்டாலைக்கு ஏறிவிடும். காற்று பலமாக இருக்கும்போது ஓட்டுக்கூரைக்குக் கீழே படுக்காமல், தளம் போட்ட உள்ளறைக்குப் போய்விட வேண்டும். பத்திரங்களும் அடையாள அட்டைகளும் பிளாஸ்டிக் உறையில், உயரமான அலமாரியில் இருக்கட்டும்.

தண்ணீர் உள்ளே வந்தால் மெயினை அணைப்பார்கள், சரி. ஆனால் மெயினை அணைத்தாலும் இன்வெர்ட்டர் கரண்ட் கொடுத்துக்கொண்டுதான் இருக்கும். அதைத் தனியாக அணைக்க வேண்டும். எந்த சுவிட்ச் என்று ஆத்தாளுக்கும் காட்டிக்கொடுங்கள். ஜெனரேட்டர் வாடகைக்கு எடுத்தால் வீட்டுக்கு வெளியேதான் ஓட வேண்டும். முகப்பில் வைத்தால்கூட அந்தப் புகை ஆளைக் கொல்லும்.

எல்லாவற்றையும்விட ஆள்தான் முக்கியம். பத்துப் பங்காளிகளின் பூட்டிய அறைகளுக்கு நடுவே இரண்டு பேர் இருக்கிறார்கள். உள்ளே விழுந்தால் குரல் தெருவுக்குக் கேட்காது. நடந்து வரக்கூடிய தூரத்தில் ஒருவரிடம் வாசல் சாவி ஒன்று இருக்கட்டும். டவர் போய்விட்டால் மறுநாள் காலை அவரே நேரில் போய்ப் பார்ப்பதாக இப்போதே பேசி வையுங்கள். 108, மாவட்டக் கட்டுப்பாட்டு அறையின் 1077, மின்வாரியப் புகார் மையமான மின்னகத்தின் 94987 94987 மூன்றையும் பெரிய எழுத்தில் எழுதி சுவரில் ஒட்டுங்கள். புயலுக்கு மறுநாள் தெருவில் கம்பி அறுந்து கிடந்தால், கரண்ட் இல்லாத ஊர்தானே என்று அப்பச்சி குச்சியால் தள்ளிவிடப் போவார். அந்தக் கடைசி எண்ணை அப்போது கூப்பிடச் சொல்லுங்கள்.