‘லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்’ கதையில் ஹிர்கன் எதுக்கு?

தக்கலை நூலகத்துல புத்தகத்தைக் கையில வச்சுக்கிட்டு தம்பி கேட்ட கேள்வி இது: ரெண்டு பக்கம் வந்துட்டுப் போற ஹிர்கனால என்ன பிரயோசனம்?

நிறைய இருக்கு மக்கா. பழைய திருவிதாங்கூர்ல ஆரல்வாய்மொழி எல்லையில ஆபத்துன்னா தலைநகர் பத்மநாபபுரத்துக்குச் சேதி போகணும்ல, அந்த மாதிரி தூதன் வேலைதான் அவனுக்கு. கோண்டோர் நாட்டுக்கு ஆபத்து, உதவிக்கு வாங்கன்னு சொல்ற அடையாளமான சிவப்பு அம்பை, நட்பு நாடான ரோஹனின் மன்னர் தியோடனிடம் நீட்டுறான். மன்னர் 6,000 குதிரைவீரர் தர்றேன், ஆனா ஒரு வாரம் ஆகும்ங்கிறார். அதுக்குள்ள இடிஞ்ச சுவர்தான் மிச்சமிருக்கும்னு முகத்துக்கு நேரா சொல்றான் பாருங்க, எனக்குப் பிடிச்ச இடம் அது.

திரும்புற வழியில, கோண்டோரின் வெளிமதிலுக்குப் பக்கத்துல கொல்லப்படுறான். தலை இல்லை, கையில அம்பு அப்படியே. அதனால, படை வருதுங்கிற பதில் கோண்டோரை ஆளுற டெனதோருக்குப் போய்ச் சேரவே இல்லை. அவர் நம்பிக்கை இழந்ததுக்கு அதுவும் ஒரு காரணம்.

படம் மட்டும் பார்த்தவங்களுக்கு இவனைத் தெரியாது. அங்க மலையுச்சித் தீயே சேதி சொல்லிடும்.