டிஸ்னி டைம்ஷேரில் கையெழுத்துப் போட்டாகிவிட்டது, இப்போது என்ன செய்வது?

கேள்வி:

நானும் மனைவியும் டெக்சாஸில் ஐ.டி. வேலையில் இருக்கிறோம். 8 வயதிலும் 5 வயதிலும் இரண்டு குழந்தைகள். போன வாரம் ஃபுளோரிடாவில் ஆர்லாண்டோ போயிருந்தபோது டிஸ்னி வெகேஷன் கிளப் விற்பனைப் பிரசன்டேஷனில் உட்கார்ந்தோம். (டிஸ்னியின் டைம்ஷேர் திட்டம் இது, ரிசார்ட்டில் வருஷா வருஷம் தங்கும் உரிமையை முன்கூட்டியே விலைக்கு வாங்குவது.) ரிவியரா ரிசார்ட்டில் வருஷத்துக்கு 150 பாயிண்ட் (தங்கும் இரவுகளுக்கு இந்தப் பாயிண்டைத்தான் கொடுக்க வேண்டும்), பாயிண்டுக்கு 220 டாலர் என்று மொத்தம் 33,000 டாலர். 3,300 முன்பணம் கட்டிவிட்டு, மீதியை 10.9 சதவீத வட்டியில் 10 வருஷக் கடனாக எடுத்துக் கையெழுத்தும் போட்டுவிட்டோம். அது போக வருஷப் பராமரிப்புக் கட்டணம் பாயிண்டுக்குச் சுமார் 9 டாலர். ஒப்பந்தம் 2070 வரைக்கும். வீட்டுக்கு வந்ததிலிருந்து இரண்டு பேருக்கும் தூக்கம் இல்லை. நான்கு வருஷத்தில் டிஸ்னிக்கு இரண்டு முறை போயிருக்கிறோம். முதல் தடவை நண்பர் குடும்பத்தோடு பக்கத்து ஊரான கிஸ்ஸிமியில் வாடகை வீடு, இந்தத் தடவை பாப் செஞ்சுரி ஓட்டல். எச்-1பி வேலை விசாவில் கிரீன் கார்டு வரிசையில் நிற்கிறோம். ஊரிலிருந்து அப்பா அம்மா வரும்போதும் உதவுமே என்று நினைத்தோம். வைத்துக்கொள்ளலாமா சார், விட்டுவிடலாமா?

பதில்:

உங்கள் மெயில் வந்த அன்றைக்கு ராத்திரியே தனியாகப் பதில் போட்டுவிட்டேன், ஏனென்றால் இதில் நாள் கணக்கு இருக்கிறது. ஃபுளோரிடா சட்டப்படி, டைம்ஷேர் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்ட நாளிலிருந்தோ, கொடுக்க வேண்டிய ஆவணங்கள் எல்லாம் உங்கள் கைக்கு வந்த நாளிலிருந்தோ, இதில் எது பிந்தியதோ அதிலிருந்து 10 நாளைக்குள் காரணமே சொல்லாமல் ரத்து செய்யலாம். முன்பணமும் திரும்ப வரும். "அந்த உரிமை எனக்கு வேண்டாம்" என்று நீங்களே எழுதிக் கொடுத்தாலும் செல்லாது. ரத்து செய்வதை எழுத்தில்தான் தெரிவிக்க வேண்டும். போனில் சொன்னேன் என்பதெல்லாம் கணக்கில் வராது. ஒப்பந்தத்தில் போட்டிருக்கும் முகவரிக்கு, அதில் சொல்லியிருக்கும் முறையில், ஒப்பந்த எண்ணைக் குறிப்பிட்டு இருவரும் கையெழுத்திட்டு அனுப்பி, அனுப்பிய ரசீதைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். இதே ரிசார்ட் வேறு மாநிலத்தில் இருந்தால் நாள் மாறும். கலிஃபோர்னியாவில் 7 நாள்தான்.

முதலில் ரத்து செய்யுங்கள், அப்புறம் நிதானமாக யோசியுங்கள். "இந்தச் சலுகை இன்றைக்கு மட்டும்" என்று சொல்லியிருப்பார்கள். அடுத்த மாதம் போய்க் கேட்டாலும் ஏதாவது ஒரு சலுகை இருக்கும், கவலையே வேண்டாம்.

சரி, இனி கணக்குக்கு வருவோம். அங்கே உங்களுக்குக் காட்டிய கணக்கு எப்படி இருந்திருக்கும் என்று ஊகிக்க முடிகிறது. (அவர்களை விற்பனையாளர் என்று சொல்ல மாட்டார்கள், "கைடு" என்பார்கள்.) 220 டாலரை 44 வருஷத்தால் வகுத்தால் வருஷத்துக்கு 5 டாலர். பராமரிப்பு 9. ஆக ஒரு பாயிண்ட் 14 டாலருக்கு விழுகிறது. பக்கத்திலேயே அதே ரிசார்ட்டில் ஒரு இரவுக்கு ரொக்கமாக வாங்கும் வாடகையை எழுதியிருப்பார்கள், 600, 700 டாலர் என்று. இரண்டையும் ஒட்டிவைத்துப் பார்த்தால் யாருக்கும் கை பேனாவைத் தேடும்.

இந்தக் கணக்கில் இரண்டு ஓட்டை இருக்கிறது. முதலாவது, இன்றைக்கு மொத்தமாகக் கொடுக்கும் 33,000 டாலருக்கு வட்டி என்று ஒன்றே இல்லாதது போல 44-ஆல் வகுப்பது. உங்கள் கையில் அந்தப் பணம் ரொக்கமாக இருக்கிறது என்றே வைத்துக்கொள்வோம். வருஷம் 5 சதவீதம் வருமானம் தரக்கூடிய இடத்தில் போட்டால், அதிலிருந்து ஒவ்வொரு வருஷமும் பாயிண்டுக்குச் சுமார் 12.50 டாலர் எடுத்துச் செலவழித்து, 2070-இல் கணக்கைச் சுழியில் முடிக்கலாம். அதாவது பாயிண்டின் உண்மையான விலை 12.50-உம் 9-உம் சேர்ந்து 21.50.

இப்போது இன்னொரு விலையைப் பாருங்கள். ஏற்கெனவே உறுப்பினராக இருப்பவர்கள் தங்களுக்கு உபயோகப்படாத பாயிண்டுகளை வாடகைக்கு விடுவார்கள். இடைத்தரகர்கள் மூலமாக எடுத்தால் பாயிண்டுக்கு 20 டாலர் அக்கம்பக்கம் ஆகும். அதே கட்டடம், அதே அறை, அதே நீச்சல்குளம். கடனும் கிடையாது, 2070-உம் கிடையாது. இப்படி எடுக்கும்போது பெரும்பாலும் பணம் திரும்பாது, தேதி மாற்றுவதும் கஷ்டம் என்பதை மட்டும் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

நியாயமாக ஒன்று சொல்லிவிடுகிறேன். வாடகை வருஷா வருஷம் ஏறும். வாங்கியவருக்கு அந்த 220 ஏறாது. நீண்ட நாள் வைத்திருந்து ஒழுங்காகப் பயன்படுத்துகிறவருக்கு இதில் உண்மையாகவே லாபம் உண்டு. ஆனால் பராமரிப்புக் கட்டணமும் சும்மா இருக்காது. உங்கள் 150 பாயிண்டுக்கு இன்றைக்கு 1,350 டாலர். வருஷம் 4 சதவீதம் ஏறுவதாக வைத்தால் பத்து வருஷத்தில் 2,000 டாலரை ஒட்டி வரும், இருபது வருஷத்தில் 2,950-ஐத் தாண்டும். போனாலும் போகாவிட்டாலும் கட்டியாக வேண்டும்.

இதெல்லாம் ரொக்கமாக வாங்கினால். உங்கள் கதை கடன். 29,700 டாலருக்கு 10.9 சதவீதம் என்றால் மாதம் 407 டாலர். பத்து வருஷத்தில் வட்டி மட்டும் 19,000 டாலருக்கு மேல். இன்றைய பராமரிப்பை மட்டும் சேர்த்தாலே முதல் பத்து வருஷம் ஆண்டுக்கு 6,240 டாலர், அதாவது பாயிண்டுக்கு 41 டாலருக்கு மேல். பக்கத்துக் கடையில் 20 டாலருக்கு வாடகைக்குக் கிடைக்கும் பொருள் இது. அந்த 6,240 டாலரும் வருஷத்தில் ஒரு வாரம் ஒரு ஸ்டுடியோ அறைக்குத்தான். விமான டிக்கெட் தனி, சாப்பாடு தனி. பார்க் டிக்கெட்டும் தனி என்பது கையெழுத்துப் போட்ட பிறகுதான் நிறையப் பேருக்கு உறைக்கிறது. ஒரு ஆளுக்கு ஒரு நாளுக்குச் சுமார் 120-இலிருந்து 200 டாலர் வரை, நாளையும் பார்க்கையும் பொறுத்து. உங்கள் பெரிய குழந்தைக்கு இன்னும் இரண்டு வருஷத்தில் 10 வயதாகிவிடும், அப்போது பெரியவர் டிக்கெட்.

இரண்டாவது ஓட்டைதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. கைடு உங்களுக்குக் காட்டிய மிச்சம் எதிலிருந்து வந்தது? இரவுக்கு 600, 700 டாலர் அறையிலிருந்து. நீங்கள் அந்த மாதிரி அறையில் ஒரு நாளாவது தங்கியிருக்கிறீர்களா? ஒருமுறை நண்பரோடு வீட்டைப் பங்கு போட்டுக்கொண்டீர்கள். அடுத்த முறை டிஸ்னியின் சிக்கன ரக ஓட்டல். நீங்கள் கொடுத்தே இருக்காத பணத்தை உங்களுக்கு மிச்சம் பிடித்துக் கொடுத்ததாகக் கணக்குக் காட்டியிருக்கிறார்கள். ஆடித் தள்ளுபடியில் 12,000 ரூபாய்ப் பட்டுப் புடவையை 8,000-க்கு வாங்கிவிட்டு 4,000 மிச்சம் என்று சொல்வோமே, அதேதான். போனது நல்ல பருத்திப் புடவை வாங்க.

"எத்தனை நாளைக்குத்தான் வாடகை கொடுப்பீர்கள், சொந்தமாக்கிக்கொள்ளுங்கள்" என்றும் சொல்லியிருப்பார்கள். இது சொந்தமில்லை, காலக்கெடு உள்ள குத்தகை. 2070 ஜனவரியோடு எல்லாம் டிஸ்னிக்கே திரும்பிவிடும். நம் ஊரில் ஒத்திக்கு வீடு எடுத்தால் மொத்தமாக ஒரு தொகையைக் கொடுத்துவிட்டு வாடகையில்லாமல் குடியிருப்போம், காலி செய்யும்போது கொடுத்ததை முழுசாக வாங்கிக்கொண்டு கிளம்புவோம். இங்கே மொத்தத் தொகையும் கொடுக்கிறோம், வருஷா வருஷம் கட்டணமும் கட்டுகிறோம், காலி செய்யும்போது கையில் ஒன்றும் இல்லை. ஆனாலும் காலக்கெடு இருப்பதைக் குறையாகச் சொல்ல மாட்டேன். முடிவே இல்லாத டைம்ஷேர் ஒப்பந்தங்கள் நிறைய இருக்கின்றன, ஒரு டாலருக்கு விற்றாலும் வாங்க ஆள் கிடையாது. அவற்றோடு பார்த்தால் 1991-இல் தொடங்கிய இந்த கிளப் மறுவிற்பனையில் எவ்வளவோ மேல்.

அந்த மறுவிற்பனையிலும் உங்கள் ரிவியராவுக்கு ஒரு தனிச் சிக்கல் இருக்கிறது. 2019-இல் விதி மாறியது. ரிவியரா பாயிண்டை இன்னொரு உறுப்பினரிடமிருந்து வாங்குகிறவர் அதை ரிவியராவில் மட்டும்தான் பயன்படுத்தலாம், கிளப்பின் மற்ற ரிசார்ட்டுகளில் முடியாது. நேரடியாக வாங்கிய உங்களுக்கு அந்தக் கட்டு இல்லை, உங்களிடம் வாங்க வருகிறவருக்கு உண்டு. அவர் விலையைக் குறைத்துத்தானே கேட்பார்? மறுவிற்பனையில் ரிவியரா நேரடி விலையில் ஏறக்குறைய பாதிக்குப் போகிறது. இரண்டு வருஷம் கழித்து விற்க நினைத்தால், விற்று வரும் பணம் மீதிக் கடனை அடைக்கவே போதாது.

விசா விஷயத்தை நீங்கள் கடைசியில் ஒரு வரியாக எழுதியிருக்கிறீர்கள். நானாக இருந்தால் அதைத்தான் முதலில் எழுதியிருப்பேன். வேலை போனால் 60 நாளில் இன்னொரு வேலை தேட வேண்டிய நிலையில் 44 வருஷ ஒப்பந்தம். நாளைக்குச் சென்னைக்கோ டொரண்டோவுக்கோ மாறிப்போனாலும் தவணையும் பராமரிப்பும் கூடவே வரும். இங்கே வரிக்கணக்கில் வெளிநாட்டவராக மாறிய பிறகு விற்றால், ஃபுளோரிடா சொத்து என்பதால் விற்ற விலையில் 15 சதவீதத்தை வாங்குகிறவர் பிடித்து வருமான வரித்துறைக்குக் கட்டிவிடுவார். நீங்கள் ரிட்டர்ன் தாக்கல் செய்துதான் அதைத் திரும்பப் பெற வேண்டும்.

என் மாமா ஊரில் ஒரு ரிசார்ட் கம்பெனியில் 25 வருஷ உறுப்பினர். அட்டையை இன்னும் பர்ஸில் வைத்திருக்கிறார். நான்கு முறை போயிருப்பார். பள்ளி விடுமுறையில் இடம் கிடைக்காது, இடம் கிடைக்கும்போது இவருக்கு லீவு கிடைக்காது. டிஸ்னியிலும் இதே கதை உண்டு. பாயிண்ட் வாங்கிய ரிசார்ட்டுக்கு 11 மாதம் முன்னதாகப் பதிவு செய்யலாம், மற்ற ரிசார்ட்டுகளுக்கு 7 மாதம் முன்னதாகத்தான். ஸ்டுடியோ ஒரு இரவுக்கு ரிசார்ட்டையும் சீசனையும் பொறுத்துப் பத்துப் பதினொரு பாயிண்டில் தொடங்கி முப்பதைத் தாண்டும். கிறிஸ்துமஸ் வாரத்துக்கு உங்கள் 150 ரிவியராவில் பற்றாது. ஒரு வருஷம் போகாவிட்டால் பாயிண்டை அடுத்த வருஷத்துக்குத் தள்ளிவைக்கலாம், அடுத்த வருஷத்துப் பாயிண்டை முன்கூட்டியே எடுத்துக்கொள்ளவும் செய்யலாம். நல்ல வசதிதான். ஆனால் தள்ளிவைப்பதற்கும் கெடு உண்டு, பாயிண்ட் வருஷத்தின் (உங்களுக்குப் பாயிண்ட் வரும் மாதத்திலிருந்து எண்ணும் வருஷம்) முதல் 8 மாதத்துக்குள் செய்ய வேண்டும். இந்தக் காலண்டரைப் பார்த்துக்கொண்டே இருப்பது சிலருக்குப் பொழுதுபோக்கு. இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை கோடை விடுமுறையில் ஊருக்குப் போகிற குடும்பத்துக்கு அது இன்னொரு வேலை.

அப்படியானால் யார்தான் வாங்கலாம்? பாலிநீஷியன், கிராண்ட் ஃபுளோரிடியன் மாதிரி டீலக்ஸ் ஓட்டல்களில் ஏற்கெனவே சொந்தக் காசு போட்டு, வருஷம் தவறாமலோ ஒன்றுவிட்டு ஒரு வருஷமோ தங்குகிறவர்கள் வாங்கலாம். இந்த நாட்டில் நிலையாக இருப்பது உறுதியாகிவிட்டவர்களாகவும், கடன் வாங்காமல் ரொக்கமாகக் கொடுக்கக்கூடியவர்களாகவும் இருக்க வேண்டும். அவர்களுக்கும் நேரடி விற்பனை வேண்டாம் என்றுதான் சொல்வேன். இதே கிளப்பின் இன்னொரு ரிசார்ட்டான சரடோகா ஸ்பிரிங்ஸ் மறுவிற்பனையில் பாயிண்டுக்கு 100 டாலர் அக்கம்பக்கம் கிடைக்கிறது, ஒப்பந்தம் 2054 வரை. மேலே போட்ட அதே 5 சதவீதக் கணக்கைப் போட்டால், பராமரிப்பையும் சேர்த்துப் பாயிண்ட் 15, 16 டாலருக்கு விழும். இதற்குத்தான் தைரியமாகச் சரி என்று சொல்ல முடியும். மறுவிற்பனையில் டிஸ்னிக்கு முதல் உரிமை உண்டு, பேசிய விலைக்கு அவர்களே எடுத்துக்கொண்டால் நீங்கள் திரும்ப வேறு ஆளைத் தேட வேண்டியிருக்கும். ரிவியரா போன்ற புது ரிசார்ட்டுகளில் அந்தப் பாயிண்ட் செல்லாது, நேரடி உறுப்பினருக்குக் கிடைக்கும் தள்ளுபடிகளும் இருக்காது.

நீங்கள் ரத்து செய்துவிட்டு, அடுத்த முறை ஐந்து இரவுக்குப் பாயிண்ட் வாடகைக்கு எடுத்து ரிவியராவிலேயே தங்கிப் பாருங்கள். ஒரு இரவுக்கு 20 பாயிண்ட் என்றாலும் மொத்தம் 2,000 டாலர், கடனில் நாலு மாதத் தவணையும் பராமரிப்பும் ஆகும் தொகை. குழந்தைகளுக்கு அறை முக்கியமா, ராத்திரி வாணவேடிக்கை முக்கியமா என்று அங்கேயே தெரிந்துவிடும்.

அப்பா அம்மாவைப் பற்றிக் கேட்டீர்கள். அவர்களும் சேர்ந்தால் ஆறு பேர். ஸ்டுடியோ நாலைந்து பேருக்குத்தான். இரண்டு ஸ்டுடியோ என்றால் அந்த வருஷத்துக்குப் பாயிண்ட் இரட்டிப்பு. நீங்கள் போன அந்தக் கிஸ்ஸிமி வீட்டையே திரும்ப எடுங்கள். ஸ்டுடியோவில் மைக்ரோவேவும் டோஸ்டரும் சின்ன ஃபிரிட்ஜும்தான் இருக்கும். காலையில் ஆறு மணிக்கு எழுந்து உங்கள் அம்மா முதலில் தேடப்போவது அடுப்பை.