வானியல் துறையில் ராத்திரி என்ன வேலை? உங்கள் கேள்விகளுக்குப் பதில்கள்

பல்கலைக்கழகத்தின் விண்வெளி, வானியல் துறையில் பதினேழு வருடமாக இருக்கிறேன். வேறு விண்மீன்களைச் சுற்றும் கோள்கள், அதாவது புறக்கோள்கள், என் ஆய்வு. பகலில் வகுப்பு எடுக்கிறேன். மாதத்தில் இரண்டு இரவு பொதுமக்களுக்குத் தொலைநோக்கியைத் திறந்து காட்டும் பொறுப்பும் என்னிடம்தான். துறையைப் பற்றி எது வேண்டுமானாலும் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். நிறையப் பேர் கேட்டுவிட்டீர்கள். ஒரே மாதிரி வந்தவற்றைச் சேர்த்துவிட்டேன்.

கேள்வி: விடிய விடியத் தொலைநோக்கியில் கண்ணை வைத்துப் பார்த்துக்கொண்டே இருப்பீர்களா மேடம்?

பதில்: ஆய்வுக்காக நான் ஐபீஸில் கண் வைத்ததே கிடையாது. அந்த இடத்தில் கேமரா இருக்கும். நான் பக்கத்து அறையில் திரைக்கு முன்னால் இருப்பேன். பெரும்பாலான நாட்களில் அதுவும் இல்லை. ஏற்கெனவே எடுத்த தரவோடு பகல் வேலைதான்.

ஆனால் எனக்கு ரொம்பப் பிடித்த கால் மணி நேரம் ஒன்று உண்டு. சூரியன் மறைந்த பிறகு, விண்மீன்கள் தெரியத் தொடங்கும் முன், கூரையைத் திறந்து தொலைநோக்கியைத் தலைக்கு மேலே வெறும் வானத்துக்குத் திருப்புவோம். அங்கே ஒன்றும் இருக்காது, சீரான வெளிச்சம் மட்டும். அதைத்தான் படம் எடுக்கிறோம். முதல் படம் இரண்டு விநாடி, அடுத்தது மூன்று, அப்புறம் ஐந்து, எட்டு என்று இருட்ட இருட்ட நேரத்தைக் கூட்டிக்கொண்டே போக வேண்டும். அந்தப் படத்தைத் திரையில் பெரிதாக்கினால் வளையம் வளையமாக நிழல் தெரியும். எல்லாம் கேமராவுக்கு முன்னால் இருக்கும் கண்ணாடியில் ஒட்டிய தூசி. இந்தப் படங்களுக்கு ஃபிளாட் என்று பெயர். இரவில் எடுக்கும் ஒவ்வொரு படத்தையும் ஃபிளாட்டால் வகுத்தால்தான் தூசியின் நிழல் போகும்.

மாணவியாக இருந்தபோது ஒரு நாள் தாமதமாகப் போய், ஃபிளாட் எடுக்காமல் விட்டுவிட்டேன். அன்றிரவு என் விண்மீன் ஒரு சதவீதம் மங்கியது. புதுக் கோள் ஒன்று குறுக்கே போய் ஒளியை மறைக்கிறது என்று நினைத்து இரண்டு நாள் சரியாகத் தூங்கவில்லை. மூன்றாம் நாள் படங்களை வரிசையாக ஓட்டிப் பார்த்தேன். தொலைநோக்கி மெல்ல நகர்ந்ததில் விண்மீன் ஒரு தூசி வளையத்தின் மேல் ஏறி இறங்கியிருந்தது. அதற்குப் பிறகு ஒரு மாலையும் விட்டதில்லை. புதிதாகச் சேரும் மாணவர்களுக்கு நான் முதலில் காட்டுவதும் அந்தப் பழைய வரைபடத்தைத்தான்.

கேள்வி: எங்கள் துறையில் இருப்பது சின்னத் தொலைநோக்கி. இதை வைத்துக்கொண்டு உண்மையான ஆய்வு செய்ய முடியுமா, இல்லை வெறும் பயிற்சிதானா?

பதில்: முடியும். தன் விண்மீனுக்குக் குறுக்கே ஒரு புறக்கோள் கடந்துபோவதை முதன்முதலில் 1999இல் பார்த்தார்கள். எச்டி 209458 என்ற விண்மீன். மூன்றரை நாளுக்கு ஒரு முறை சுமார் ஒன்றரை சதவீதம் மங்குகிறது. அதைப் பதிவு செய்த கருவிகளில் ஒன்றின் விட்டம் வெறும் 10 சென்டிமீட்டர். பெரிய தொலைநோக்கியை ஒரே விண்மீனுக்காக வாரக்கணக்கில் யாரும் தர மாட்டார்கள். உங்களுடையது உங்கள் கையில் இருக்கிறது, அதுதான் அதன் பலம்.

இன்னொன்று, தரவு. கையா விண்கலம் 2022இல் வெளியிட்ட பட்டியலில் சுமார் 180 கோடி விண்மீன்கள் இருக்கின்றன. யார் வேண்டுமானாலும் இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். ஜேம்ஸ் வெப் தொலைநோக்கியின் தரவுகூட அதிகபட்சம் ஓராண்டு காத்திருந்தால் பொதுவில் வந்துவிடும். கருவி இல்லை என்பதைவிட, கேள்வி இல்லை என்பதுதான் பல சின்னத் துறைகளின் சிக்கல் என்று எனக்குத் தோன்றுகிறது.

கேள்வி: வெப், ஹப்பிள் மாதிரி பெரிய தொலைநோக்கிகளில் நேரம் எப்படிக் கிடைக்கிறது? செல்வாக்கு வேண்டுமா?

பதில்: விண்ணப்பம் எழுத வேண்டும். எதைப் பார்க்கப் போகிறேன், ஏன் இந்தத் தொலைநோக்கிதான் வேண்டும், எத்தனை மணி நேரம் என்று கணக்கோடு. வெப்பில் இருக்கும் நேரத்தைப்போலப் பல மடங்கு கேட்டு விண்ணப்பங்கள் குவிகின்றன, அதனால் நல்ல விண்ணப்பங்களும் நிராகரிக்கப்படும். முன்பு விண்ணப்பித்தவர் யார், எந்த நிறுவனம் என்பது நடுவர்களுக்குத் தெரியும். ஹப்பிளில் 2018 முதல் அதை மறைத்துவிட்டார்கள். அந்த முதல் சுற்றிலேயே, பெண்கள் தலைமையிலான விண்ணப்பங்களின் வெற்றி விகிதம் ஆண்களுடையதைவிடக் கொஞ்சம் மேலே வந்தது. அதற்கு முந்தைய பல வருடங்களில் அப்படி நடந்ததில்லை. பெயர் தெரியாத துறையிலிருந்து எழுதுகிறவர்களுக்கும் இந்த முறை நல்லது. தயங்காமல் எழுதுங்கள்.

கேள்வி: பள்ளி இறுதியாண்டில் இருக்கிறேன் அக்கா. வானியல் படிக்க இப்போதே என்ன செய்ய வேண்டும்?

பதில்: இயற்பியலும் கணிதமும் உறுதியாக இருக்கட்டும் தங்கச்சி. இளங்கலையில் வானியல் என்ற பெயரிலேயே பட்டம் கிடைக்காவிட்டால் கவலை வேண்டாம். இயற்பியல் படித்துவிட்டு முதுகலையில் வரலாம், நான் அப்படித்தான் வந்தேன். பைத்தான் என்ற நிரல்மொழியைக் கற்றுக்கொள். அதில் ஆஸ்ட்ரோபை என்ற இலவசத் தொகுப்பு இருக்கிறது, நாங்கள் தினமும் பயன்படுத்துவது. புள்ளியியலை ஒதுக்காதே. ஓர் அளவில் எவ்வளவு பிழை இருக்கலாம் என்று சொல்லத் தெரியாதவர் அந்த அளவைச் சொல்லியே பயனில்லை.

கேள்வி: படித்தால் வேலை கிடைக்குமா? (என் மகனுக்காகக் கேட்கிறேன்.)

பதில்: நிரந்தரப் பேராசிரியர் பணியிடங்கள் குறைவு. முனைவர் பட்டம் முடித்தவர்களில் பெரும்பகுதியினர் கடைசியில் வேறு துறைகளுக்குத்தான் போகிறார்கள். தரவு அறிவியல், மென்பொருள், ஒளியியல் கருவிகள், செயற்கைக்கோள் துறை என்று. இதை மகனிடம் சேரும் முன்பே சொல்லிவிடுங்கள். தெரிந்து வருகிறவர்கள் நிம்மதியாகப் படிக்கிறார்கள்.

கேள்வி: மாணவர் கண்டுபிடித்ததற்கு வழிகாட்டி பெயர் வாங்கிக்கொள்வார் என்கிறார்களே?

பதில்: நடந்திருக்கிறது. 1967இல் ஜோசலின் பெல் கேம்பிரிட்ஜில் ஆய்வு மாணவி. அவரும் சேர்ந்து கட்டிய ரேடியோ தொலைநோக்கி நாளொன்றுக்குச் சுமார் 30 மீட்டர் காகிதத்தில் கோடு போட்டுத் தள்ளும். அதைக் கண்ணால் படிப்பது அவர் வேலை. அதில் கால் அங்குல அளவுக்கு ஒரு கிறுக்கல், வானத்தின் ஒரே இடத்திலிருந்து திரும்பத் திரும்ப வருவதைக் கவனித்தார். காகிதத்தை வேகமாக ஓட்டிப் பதிவு செய்தபோது 1.33 விநாடிக்கு ஒரு துடிப்பு. அதுதான் முதல் பல்சர், அதாவது சீராக ரேடியோ துடிப்பு அனுப்பும் விண்மீன். 1974இல் நோபல் பரிசு அவருடைய வழிகாட்டி ஆண்டனி ஹியூவிஷுக்கும் மார்ட்டின் ரைலுக்கும் போனது. ஜோசலின் பெல் பெர்னலுக்கு 2018இல் வேறொரு பரிசாக 30 லட்சம் டாலர் கிடைத்தது. முழுவதையும் இயற்பியல் ஆய்வு மாணவர்களின் உதவித்தொகைக்குக் கொடுத்துவிட்டார்.

அதேசமயம், 1995இல் சூரியனைப் போன்ற விண்மீனைச் சுற்றும் முதல் கோளைக் கண்டபோது திதியே கெலோ ஆய்வு மாணவர்தான். 2019 நோபலில் வழிகாட்டி மிஷேல் மயோரோடு அவர் பெயரும் இருந்தது. எந்தத் துறையில் சேர்ந்தாலும், கட்டுரையில் பெயர் வரிசை எப்படி முடிவாகிறது என்று முதல் வாரமே கேளுங்கள். கேட்பது மரியாதைக் குறைவு இல்லை.

கேள்வி: நிதி குறைந்தால் ஆய்வு, கல்வி, மக்களிடம் கொண்டுசேர்ப்பது, இந்த மூன்றில் எதை நிறுத்துவீர்கள்? மூன்றாவதுதானே?

பதில்: எல்லாரும் அதைத்தான் முதலில் நிறுத்துவார்கள். நான் நிறுத்த மாட்டேன். 1919 சூரிய கிரகணத்தில், சூரியனுக்கு அருகே விண்மீன் ஒளி வளைவதை அளந்து வந்த வானியலாளர் எடிங்டன், கேம்பிரிட்ஜில் அதைப் பற்றிப் பேசினார். கேட்க வந்தவர்களில் தாவரவியல் படிக்கச் சேர்ந்திருந்த ஒரு மாணவி இருந்தார். அறைக்குத் திரும்பியதும் உரையை ஏறக்குறைய வார்த்தைக்கு வார்த்தை எழுதிவைத்தார். அப்புறம் இயற்பியலுக்கு மாறிவிட்டார். அவர்தான் செசிலியா பெய்ன்.

1925இல், மேகநாத் சாஹாவின் அயனியாக்கச் சமன்பாட்டைக் கொண்டு, விண்மீன்களில் பெரும்பகுதி ஹைட்ரஜன்தான் என்று கணக்கிட்டுக் காட்டினார். அன்றைய பெரியவர்கள் நம்பவில்லை. அவரே தன் ஆய்வேட்டில் அது உண்மையாக இருக்க வாய்ப்பில்லை என்று எழுதவேண்டி வந்தது. நான்கு ஆண்டு கழித்து, மறுத்தவர்களில் ஒருவரே வேறு வழியில் அதே முடிவுக்கு வந்தார். 1956இல் ஹார்வர்டில் பெய்ன் பேராசிரியராகி, வானியல் துறைத் தலைவராகவும் ஆனார். எங்கள் பொது இரவுகளில் மாணவர்களையே விளக்கச் சொல்வேன். எட்டு வயதுப் பிள்ளைக்குப் புரியும்படி சொல்லத் திணறினால், தன் ஆய்வில் எந்த இடம் தனக்கே தெளிவாக இல்லை என்று அவர்களுக்கு அங்கேயே தெரிந்துவிடும். பொது இரவையும் நான் வகுப்பாகத்தான் நினைக்கிறேன்.

கேள்வி: போன வருடம் சனி பார்க்க வந்தோம். படத்தில் இருப்பதுபோல வளையமே இல்லையே, ஏமாற்றமாகிவிட்டது.

பதில்: நீங்கள் வந்தது 2025ஆக இருக்க வேண்டும். சுமார் 15 ஆண்டுக்கு ஒரு முறை சனியின் வளையங்கள் நமக்கு விளிம்பு காட்டி நிற்கும்; தட்டைப் பக்கவாட்டில் பார்ப்பதுபோல. 2025 மார்ச்சில் அது நடந்தது, அந்த வருடம் முழுக்கவே மெல்லிய கோடுதான். வருடத்துக்கு வருடம் இனி விரியும், இன்னொரு முறை வாருங்கள். முன்பு ஒரு சிறுமி ஏணியில் நின்று ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "இதுக்குக் காது முளைச்சிருக்கு" என்றாள். 1610இல் கலிலியோவின் சின்னத் தொலைநோக்கியிலும் வளையமாகத் தெரியவில்லை. இருபுறமும் ஏதோ ஒட்டியிருப்பதாகத்தான் கண்டார், காது என்றே பின்னால் சொன்னார்கள். அது வளையம் என்று வானியலாளர் ஹைகன்ஸ் 1659இல் எழுதும்வரை புதிராகவே இருந்தது. அவளிடம் இதைச் சொன்னதும் மறுபடி வரிசையின் கடைசியில் போய் நின்றுகொண்டாள்.

கேள்வி: கணக்கர் வேலை பார்க்கிறேன், வயது 47. நான் ஏதாவது செய்ய முடியுமா?

பதில்: தாராளமாக. விண்மீன் திரள்களின் படங்களைப் பொதுமக்களே இணையத்தில் வகைப்படுத்தும் கேலக்ஸி ஸூ என்ற திட்டம் 2007இல் தொடங்கியபோது முதல் வருடத்திலேயே பொதுமக்கள் ஐந்து கோடிக்கு மேல் வகைப்பாடுகள் செய்தார்கள். ஹன்னி வான் ஆர்கெல் என்ற நெதர்லாந்துப் பள்ளி ஆசிரியை, ஒரு விண்மீன் திரளுக்குப் பக்கத்தில் இது என்ன என்று கேட்டது புதுவகை வாயு மேகம். அவர் பெயரையே வைத்தார்கள். கணினி வேண்டாம் என்றால், ஒளி கூடிக் குறையும் விண்மீன்களின் ஒளியை மதிப்பிட்டு அனுப்பலாம். திருவாதிரை விண்மீன் 2019 கடைசியில் மங்கத் தொடங்கியபோது, வெறும் கண்ணால் மதிப்பிட்டவர்களின் பதிவுகளும் பயன்பட்டன.

கேள்வி: சூரிய கிரகணத்தை எக்ஸ்ரே ஃபிலிம் வழியாகப் பார்க்கலாமா?

பதில்: கூடாது. ஐஎஸ்ஓ 12312-2 தரமுள்ள கிரகணக் கண்ணாடி மட்டும். அதைப் போட்டுக்கொண்டு பைனாகுலரிலோ தொலைநோக்கியிலோ பார்க்கவும் கூடாது.

கேள்வி: பொது இரவுக்கு வரும்போது கண்ணாடியைக் கழற்ற வேண்டுமா? வேறு என்ன கவனிக்க வேண்டும்?

பதில்: கிட்டப்பார்வை, தூரப்பார்வை என்றால் கழற்றிவிடலாம், ஃபோகஸைத் திருப்பினால் சரியாகிவிடும். சிதறல் பார்வைக்கான கண்ணாடி என்றால் போட்டுக்கொண்டே பாருங்கள். இருட்டுக்குக் கண் பழக இருபது, முப்பது நிமிடம் ஆகும், அதனால் வரிசையில் நிற்கும்போது போனை எடுக்காதீர்கள். ஐபீஸுக்கு வந்ததும் ஃபோகஸ் சரியில்லை என்றால் பக்கத்தில் நிற்கும் மாணவரிடம் சொல்லுங்கள். பின்னால் நிறையப் பேர் நிற்கிறார்களே என்று மங்கலாகப் பார்த்துவிட்டுப் போய்விடாதீர்கள்.