அந்த ஜனவரி மெசேஜைப் பத்திரமாக வையுங்கள்

கேள்வி: கோவை புறநகரில் தனி வீடுகள் உள்ள ஒரு லேஅவுட்டில் குடியிருக்கிறோம். எதிர் வீட்டில் ராட்வீலர் கலப்பு நாய் வளர்க்கிறார்கள். நான்கு மாதங்களுக்கு முன் வாசலில் கோலம் போட்டுக்கொண்டிருந்த என் அம்மாவை (வயது 62), அவர்கள் வீட்டுத் திறந்த கேட் வழியாக ஓடிவந்து கெண்டைக்காலில் கடித்துவிட்டது. விழுந்ததில் வலது மணிக்கட்டு முறிந்து பிளேட் வைத்திருக்கிறார்கள். இதுவரை செலவு 1,40,000 ரூபாய். எதிர் வீட்டு அம்மா ஒரு வார்த்தை விசாரிக்கவில்லை. 'அது தெரு நாய், நாங்கள் சோறுதான் போடுகிறோம்' என்கிறார். போலீஸில் எஃப்.ஐ.ஆர். போடாமல், புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சிஎஸ்ஆர் ரசீதோடு அனுப்பிவிட்டார்கள். இரவெல்லாம் குரைக்கிறது, எங்கள் வாசலில் அசிங்கம் செய்கிறது. தடை செய்யப்பட்ட இனம், லைசென்ஸும் இல்லை. சங்கத் தலைவர் அவர்களுக்கு உறவினர் என்பதால் கண்டுகொள்வதில்லை. 2024-இல் நுங்கம்பாக்கம் பூங்காவில் சிறுமியை ராட்வீலர்கள் கடித்தபோது உடனே கைது செய்தார்களே! இவர்களை ஜெயிலுக்கு அனுப்பி, பத்து லட்சம் நஷ்டஈடு வாங்கி, நாயை ஏரியாவை விட்டே அகற்ற என்ன வழி?

பதில்: உங்கள் கடிதம் நான்கு பக்கம். மேலே இருப்பது அதன் சுருக்கம். வாசகர்கள் அறியாத இரண்டு வரிகள் முழுக் கடிதத்தில் இருக்கின்றன. இரண்டையும் நீங்கள் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். வழக்கே அந்த இரண்டில்தான் இருக்கிறது.

முதல் வரி, மூன்றாம் பக்கத்தின் அடியில்: 'ஜனவரியில் பேப்பர் போடும் பையனைக் கடித்தபோது, ஸாரி, இனிமேல் கட்டியே வைக்கிறோம் என்று லேஅவுட் வாட்ஸ்அப் குரூப்பில் அவரே போட்டார்.'

பி.என்.எஸ். (பழைய ஐ.பி.சி.க்குப் பதிலாக வந்த தண்டனைச் சட்டம்) 291-ஆம் பிரிவு கேட்பது இதைத்தான்: தன் வசம் இருக்கும் விலங்கால் உயிருக்கோ கொடுங்காயத்துக்கோ ஆபத்து நேரக்கூடும் என்ற நிலையில், தடுக்கப் போதுமான ஏற்பாட்டை அறிந்தோ கவனக்குறைவாகவோ செய்யாமல் விட்டாரா? ஆக, நாய் அவர் வசம் இருந்தது என்று காட்ட வேண்டும். ஆபத்து எதிர்பார்க்கக்கூடியதாக இருந்தது என்றும் காட்ட வேண்டும். இப்படிப்பட்ட வழக்குகளில் எதிர்த்தரப்பு வக்கீல் (நானும் அந்தப் பக்கம் நின்று வாதாடியிருக்கிறேன்) எடுத்த எடுப்பில் சொல்வது, 'ஐயா, பூனைக்குட்டி மாதிரி இருந்த நாய், இதுவரை யாரையும் கடித்ததில்லை, யார் கண்டார்?' என்பதுதான். பல வழக்குகள் அங்கேயே படுத்துவிடும். உங்களிடம் இருக்கும் மெசேஜ் அந்த வாதத்தையும் 'தெரு நாய்' கதையையும் ஒன்றாக முடித்துவிடுகிறது. தெரு நாயை யாரும் 'கட்டியே வைக்கிறோம்' என்று சொல்ல மாட்டார்கள். ஒரு தடவை கடித்தது தெரிந்த பிறகும் கேட் திறந்திருந்தது. இதுதான் வழக்கு.

மற்றவற்றை மறந்துவிடுங்கள். குரைப்பதும் அசிங்கம் செய்வதும் புகாரில் ஏறினால், படிக்கிற இன்ஸ்பெக்டருக்கு இது அக்கம்பக்கத்துச் சண்டையாகத் தெரியும். லைசென்ஸ் மாநகராட்சிக்கும் அவருக்கும் உள்ள விவகாரம். இனமும் பிரயோஜனமில்லை. 23 இனங்களைத் தடை செய்யச் சொல்லி மத்திய அரசு 2024 மார்ச்சில் அனுப்பிய சுற்றறிக்கையை அடுத்த மாதமே கர்நாடக உயர் நீதிமன்றம் ரத்து செய்துவிட்டது. 291 'விலங்கு' என்றுதான் சொல்கிறது. ராட்வீலரும் ஒன்றுதான், முட்டுகிற எருமையும் ஒன்றுதான். கைதைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். இது ஜாமீனில் விடக்கூடிய குற்றம். கைது செய்தாலும் ஸ்டேஷன் ஜாமீனில் அன்றைக்கே வீட்டுக்கு வந்துவிடுவார், நீங்கள் மாடியிலிருந்து பார்த்து இன்னும் வயிறெரிவீர்கள். விசாரிக்க வராதது குற்றமே இல்லை.

சரி, மெசேஜுக்கு வருகிறேன். கடிதத்தோடு அதன் ஸ்கிரீன்ஷாட் பிரிண்ட் அனுப்பியிருந்தீர்கள். பிரிண்ட் மட்டும் போதாது. புதிய சாட்சியச் சட்டமான சாக்ஷிய அதினியம் 63-ஆம் பிரிவின்படி சான்றிதழ் வேண்டும். பழைய சாட்சியச் சட்டத்தின் 65பி-யை விட இது கொஞ்சம் கடுமை. ஒரு பகுதியை நீங்கள் தர வேண்டும், இன்னொரு பகுதியை நிபுணர் தர வேண்டும், கோப்பு மாற்றப்படவில்லை என்று காட்டும் ஹாஷ் மதிப்பும் குறிப்பிட வேண்டும். அதற்கு மெசேஜ் வந்த போன் உயிரோடு இருக்க வேண்டும். என் கட்சிக்காரர் ஒருவர் தீபாவளி எக்ஸ்சேஞ்ச் ஆஃபரில் போனைக் கொடுத்துவிட்டு, கையில் ஒரு கலர் பிரிண்டோடு வந்து நின்றார். 'எடிட் செய்தது' என்று எதிர்த்தரப்பு ஒரே வார்த்தையில் முடித்துவிட்டது. போனை மாற்றாதீர்கள். கோபத்தில் சேட்டை கிளியர் செய்யாதீர்கள். தானாக மறையும் வசதி குரூப்பில் போட்டிருக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள். அந்தப் பேப்பர் பையன் ஜனவரியில் எங்கே ஊசி போட்டுக்கொண்டான் என்று கேட்டு, சீட்டு இருந்தால் நகல் வாங்கி வையுங்கள்.

இன்னொரு ஆவணத்தில் உங்களுக்கு ஓட்டை இருக்கிறது. முதலில் கூட்டிப்போன ஆஸ்பத்திரியில் 'வளர்ப்பு நாயா, தெரு நாயா?' என்று கேட்டதற்கு, பதற்றத்தில் அப்பா 'தெருவில் போன நாய்' என்று சொல்லிவிட்டதாக எழுதியிருக்கிறீர்கள். விபத்துப் பதிவேட்டில் (ஏ.ஆர்.) அப்படியே ஏறியிருக்கும். இது அடிக்கடி நடப்பதுதான், அதற்காக அப்பாவைத் திட்ட வேண்டாம். ஆனால் தெரிந்த நர்ஸ் இருக்கிறார் என்று அதைத் திருத்தக் கிளம்பிவிடாதீர்கள். அடித்துத் திருத்திய ஏ.ஆர். காப்பியைப் பார்த்ததும் மாஜிஸ்ட்ரேட் மற்ற எல்லாவற்றையும் சந்தேகிப்பார். சொன்னது யார், ஏன் அப்படிச் சொன்னார் என்பதைப் புகாரிலேயே ஒரு பத்தியில் வைத்துவிடுங்கள். நாமே முதலில் சொல்லிவிட்டால் குறுக்கு விசாரணையில் அடிக்க அவர்களிடம் ஒன்றும் இருக்காது. எக்ஸ்ரே ஃபிலிம் பத்திரம். கடித்த காயம் சாதாரணக் காயம் என்று போய்விடலாம். எலும்பு முறிவு சட்டத்தில் கொடுங்காயம். கவனக்குறைவால் கொடுங்காயம் ஏற்படுத்தியதற்கான பி.என்.எஸ். 125(பி) சேர்வதற்கு அதுதான் காரணம், தண்டனை மூன்று வருடம்வரை போகும். ஊசி போட்ட அட்டையும் பத்திரம். 0, 3, 7, 28 என்று தேதி விழுந்திருக்கும் அந்த அட்டை, கடித்தது என்றைக்கு என்பதைச் சொல்லும்.

இனி இரண்டாவது வரி. கடைசிப் பக்கத்தில், 'அடுத்த நாள் தம்பி ஆத்திரத்தில் ஸ்டம்பால் நாயை நாலு போடு போட்டான், காலில் கட்டோடு திரிகிறது' என்று எழுதியிருக்கிறீர்கள். பெருமையாக எழுதியது போலத் தெரிகிறது. படித்ததும் நான் பேனாவைக் கீழே வைத்துவிட்டேன்.

அம்மாவைக் கடித்துக்கொண்டிருந்தபோது தம்பி அடித்திருந்தால், நாய் செத்தே போயிருந்தாலும் தற்காப்பு என்று வாதாடலாம். ஆபத்து இருக்கும்வரைதான் அந்த உரிமை. அடுத்த நாள் காலையில் கேட்டுக்கு வெளியே படுத்திருந்த நாயை அடித்தது தற்காப்பு ஆகாது. பி.என்.எஸ். 325, விலங்கைக் கொல்வது, முடமாக்குவது: ஐந்து வருடம்வரை. நாயைக் கட்டாமல் விட்டவருக்கு 291-இல் அதிகபட்சம் ஆறு மாதம், அல்லது 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். நியாயமா என்று என்னைக் கேட்காதீர்கள். அடித்துவிட்டு கேட்டில் நின்று அந்த அம்மாவைத் திட்டியதாகவும் எழுதியிருக்கிறீர்கள். அதற்கு ஆபாசமாகத் திட்டியதாக 296(பி), மிரட்டியதாக 351(2). ஊர் ஸ்டேஷன்களில் பழைய ஐ.பி.சி. 294(பி), 506 தெரியாதவர்கள் இல்லை, அதே சரக்குதான் புது நம்பரில். எதிர்த்தரப்பு பெண் என்பதால் பெண்கள் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 4-ஆம் பிரிவையும் கொண்டுவந்து வைப்பார்கள்.

அவர் ஏன் இதுவரை புகார் கொடுக்கவில்லை? ஏனென்றால் நீங்கள் சிஎஸ்ஆரோடு நிற்கிறீர்கள். உங்கள் புகார் எஃப்.ஐ.ஆர். ஆன அன்று மாலையே அவர் கால்நடை மருத்துவரின் சான்றிதழோடு ஸ்டேஷனில் இருப்பார். 'ரெண்டு பக்கமும் கேஸ் போடுவேன், பேசி முடிச்சுக்கிறீங்களா?' என்பார் இன்ஸ்பெக்டர். இதை நான் எத்தனை தடவை பார்த்திருக்கிறேன் என்று எண்ணவில்லை. கடிபட்டவர் புகார்தாரராக உள்ளே போய், மகனின் ஜாமீனுக்கு ஆள் தேடிக்கொண்டு வெளியே வருவார்.

தம்பி எஸ்.ஐ. தேர்வுக்குப் படிப்பதாகச் சொல்கிறீர்கள். காவல் பணித் தேர்வில் கிரிமினல் வழக்கில் சம்பந்தப்பட்டிருப்பதே தடை. சந்தேகத்தின் பலனில் விடுதலையானாலும் அது 'சுத்தமான' விடுதலை இல்லை என்று நிராகரிக்கப்பட்டு, உயர் நீதிமன்றப் படியேறி அலைந்த பையன்களை எனக்குத் தெரியும். நாய்க்குப் போட்ட நாலு போடு தம்பியின் நட்சத்திரத்தில் விழக்கூடாது.

அதனால் சுற்றி வளைக்காமல் சொல்கிறேன்: சமாதானமாகப் போங்கள். அவர் மேல் உங்களுக்கு நல்ல வழக்கு இருக்கிறது என்பதால்தான் நல்ல தொகைக்குப் பேச முடியும். வழக்கு இல்லாதவரோடு யார் சமரசம் பேசப் போகிறார்கள்?

பேசுவதிலும் ஒரு குழி இருக்கிறது. 'அஞ்சு லட்சம் கொடுங்கள், இல்லாவிட்டால் கேஸ்' என்று நீங்களோ தம்பியோ வாட்ஸ்அப்பில் போட்டுவிட்டால், மிரட்டிப் பணம் பறித்தல் என்று அதையே திருப்பிவிடுவார்கள். தொகை கேட்பது வக்கீல் நோட்டீஸில் மட்டும், பில் பட்டியலோடு. பத்து லட்சம் வேண்டாம். சிவில் கோர்ட்டில் அதற்கு நூற்றுக்கு மூன்று, அதாவது 30,000 ரூபாய் கோர்ட் கட்டணம் கட்டிவிட்டு வருடக்கணக்கில் வாய்தா வாங்க வேண்டும். செலவான 1,40,000, பிளேட்டை எடுக்கும் ஆபரேஷனுக்கு டாக்டர் எழுதித் தரும் மதிப்பீடு, அம்மாவுக்குக் கை முடியாத மாதங்களில் வீட்டு வேலைக்கு ஆள் வைத்த கூலி, வேதனைக்கு ஒரு தொகை. இரண்டரை லட்சம் கேட்டு இரண்டில் நின்றால், என்னைக் கேட்டால் நல்ல முடிவு.

நாயை அகற்றச் சொல்லி அடம் பிடிக்காதீர்கள், பேச்சு அதில்தான் முறியும். தன் நாயை வைத்துக்கொள்ள அவருக்கு உரிமை உண்டு. வளர்ப்பு நாயே கூடாது என்று சங்கம்கூடத் தீர்மானம் போட முடியாது. சங்கிலியும் வாய்மூடியும் இல்லாமல் வெளியே வராது, கேட் தானாகச் சாத்திக்கொள்ளும்படி ஸ்பிரிங் போடுவோம் என்று எழுதி வாங்குங்கள். அதற்கும் மசியாவிட்டால் வருவாய்க் கோட்டாட்சியரான ஆர்.டி.ஓ.விடம் பி.என்.எஸ்.எஸ். (புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம்) 152-இன் கீழ் மனுப் போடலாம். ஆபத்தான விலங்கைக் கட்டுக்குள் வைக்க உத்தரவிட அவருக்கு அதிகாரம் உண்டு. இந்தப் பிரிவை ஏனோ யாரும் பயன்படுத்துவதே இல்லை.

ஸ்டேஷனில் உட்கார்ந்து வெள்ளைத்தாளில் 'மேல் நடவடிக்கை தேவையில்லை' என்று எழுதிக் கொடுக்காதீர்கள். அரைத் தொகையைக் கையில் கொடுத்து, மீதி அடுத்த மாதம் என்று சொல்லி, முழுசாக எழுதி வாங்கிவிடுவார்கள். அப்புறம் அந்த மீதி வரவே வராது. மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் வழக்குக்கு முந்தைய மனுவாகக் கொடுங்கள். கட்டணம் கிடையாது. லோக் அதாலத்தில் பதிவாகும் சமரசம் கோர்ட் டிகிரிக்குச் சமம், அப்பீலும் கிடையாது. பணம் தராவிட்டால் நேராக, டிகிரியை அமல்படுத்தக் கோரும் நிறைவேற்று மனுதான். தம்பி விவகாரத்தில் தனக்கும் புகார் இல்லை என்று அவர் சொல்வதையும் அதிலேயே பதியச் சொல்லுங்கள். இதை மறந்துவிட்டு, பணத்தோடு பிரச்சினை முடிந்தது என்று நினைத்தவர்களுக்கு ஆறு மாதம் கழித்து சம்மன் வந்திருக்கிறது.

இது எஃப்.ஐ.ஆருக்கு முன்னால் நடந்தால்தான் சுலபம். 291 சமரசம் செய்துகொள்ளக்கூடிய குற்றங்களின் பட்டியலில் இல்லை. பதிவான பிறகு இரு தரப்பும் கை குலுக்கினாலும், ரத்து செய்ய உயர் நீதிமன்றம்தான் போக வேண்டும்.

ஆனால் பேச்சுவார்த்தை என்று இழுத்துக்கொண்டே போகவும் கூடாது. ஆறு மாதத் தண்டனைக் குற்றத்துக்குக் காலவரையறை ஒரு வருடம். சிஎஸ்ஆர் ரசீது அந்தக் கணக்கை நிறுத்தாது, பலர் ஏமாறுவது இங்கேதான். எஃப்.ஐ.ஆர். பதிவான தேதியோ, மாஜிஸ்ட்ரேட்டிடம் தனிப் புகார் கொடுத்த தேதியோதான் கணக்கில் வரும். 125(பி) சேர்ந்தால் மூன்று வருடம் இருக்கிறது, ஆனால் அது நிற்குமா என்பதை நம்பிக் காத்திருக்க வேண்டாம். நான்கு மாதம் போய்விட்டது. நோட்டீஸ் இந்த வாரம், ஆணைக்குழு மனு அடுத்த மாதத்துக்குள். சம்பவம் நடந்து எட்டு மாதம் ஆகியும் கையெழுத்தாகவில்லை என்றால், தம்பிக்கு வரும் எதிர்ப்புகாரைச் சந்திக்கத் தயாராகிக்கொண்டு எஸ்.பி.க்கு மனு, பிறகு மாஜிஸ்ட்ரேட். உள்ளூர் வக்கீலைப் பார்க்கப் போகும்போது போன், எக்ஸ்ரே, ஏ.ஆர். காப்பி, ஊசி அட்டை எல்லாம் எடுத்துப்போங்கள். தம்பியையும் கூட்டிப்போய் ஸ்டம்ப் கதையை ஒன்றுவிடாமல் சொல்ல வையுங்கள். அதுவரை அவர் எதிர் வீட்டுப் பக்கம் தலைவைத்துப் படுக்க வேண்டாம்.